வெயிட்டே இல்லாத பார்சல்

என் சைக்கிளின் எடை எனக்குக் கிராம் பிசகாமல் தெரியும். என் எடை தெரியாது. ஐம்பத்திரண்டு வயதில் இது தலைகீழாக இருப்பதுதான் நல்லது என்று டாக்டர் சொன்னார். அவருக்கு நான் டயரில் எவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்பதை விளக்கிவிட்டு வந்தேன்.

ஒப்புக்கொள்ள வேண்டியது இன்னும் இருக்கிறது. ஒரு மதியம், வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, மனைவி கேக்குக்கு மாவு நிறுக்கும் தராசில் சைக்கிளின் பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்து நிறுத்தேன். பெடல், சீட்டு, செயின், தண்ணீர் பாட்டில் மாட்டும் கூடு, அந்தக் கூட்டின் இரண்டு திருகாணிகள். மனைவி கேட்டுக் கேட்டு வைத்த கேரியரும், ஸ்டாண்டும், மட்கார்டும் அன்றைக்கே பணிநீக்கம் செய்யப்பட்டன. வருடத்தில் பாதிக்கு மேல் மழை பெய்யும் ஊரில் மட்கார்டு இல்லாமல் ஓட்டினால், பிருஷ்டத்தில் தொடங்கிப் பிடரி வரை ஒரு சேற்றுக்கோடு விழும். அதை நான் அலுவலகத்துக்குள் ஒரு பதக்கம் போலச் சுமந்து போனேன். அதோடு விட்டேனா? வெளியே ஓர் இரவு தங்கும்படியான ஒரு பயணத்துக்காகப் பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்தேன். மிச்சம் பிடித்தது ஏழு கிராம்.

அறுத்த பிரஷ்ஷை மனைவி கையில் எடுத்துப் பார்த்தாள்.

"ஏங்க, இதை அறுத்ததுக்கு ராத்திரி ஒரு சப்பாத்தியக் குறைச்சிருந்தா ஆகாதா?"

சைக்கிள் ஓட்டாதவர்களிடம் இதையெல்லாம் விவாதிப்பதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருக்கிறேன்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தமானில் சைக்கிள் பைத்தியமாக இருப்பது, குளியலறையில் நீச்சல் வீரனாக இருப்பது மாதிரி. மெயின்லேண்டில் இருப்பவர்கள் சென்னையிலிருந்து பாண்டிச்சேரி, பாண்டிச்சேரியிலிருந்து ராமேஸ்வரம் என்று போய்க்கொண்டே இருப்பார்கள். நாங்கள் எந்தப் பக்கம் போனாலும் ஒரு மணி நேரத்தில் கடல் வந்து நிற்கும். வடக்கே போகிற ஒரே நீண்ட சாலையில் ஒரு சோதனைச் சாவடி. அதற்கு மேல் பழங்குடியினர் காடு. குறித்த நேரத்தில் வண்டிகள் வரிசையாகப் போகலாம், சைக்கிள் போக முடியாது. ஆகவே நான் பதினோரு வருடமாக அதே சிடியாடாபு, அதே வண்டூர், அதே சிப்பிகாட் என்று, சட்டியில் கிடந்து வறுபடும் கடலை போல ஒரே இடத்தில் உருண்டுகொண்டிருக்கிறேன். போன தூரத்தைக் கூட்டிப் பார்த்தால் லண்டன் போயிருக்கலாம் என்று போனிலுள்ள ஆப் சொல்கிறது. நான் வண்டூரைத் தாண்டியதில்லை.

மேடுகள் வேறு. போர்ட் பிளேருக்கு அரசாங்கம் புதுப்பெயர் வைத்துவிட்டது. மேடுகள் எல்லாம் பழைய மேடுகள்தான். ஷாதிபூரில் என் வீட்டு வாசலை விட்டு இறங்கினால் இறக்கம். அதாவது எந்தப் பயணத்திலும், கடைசியில், செத்துச் சுண்ணாம்பான பிறகு, எனக்கென்று ஓர் ஏற்றம் காத்திருக்கும். அதில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறும்போது, இரண்டு கையிலும் காய்கறிப் பை வைத்திருக்கும் பெண்கள் என்னைக் கடந்து நடந்து போவார்கள். டிப்பர் லாரிக்காரர்கள் ஜன்னலில் தலையை நீட்டி, "க்யா அங்கிள், பெட்ரோல் கதம்?" என்று விசாரிப்பார்கள். பெட்ரோல் தீர்ந்துபோய்விட்டதா என்ற இந்தக் கரிசனம் பதினோரு வருடத்தில் ஒரு வார்த்தை கூட மாறவில்லை. பெங்காலியானாலும் தெலுங்கானாலும் மலையாளியானாலும் இந்தத் தீவில் எல்லோரும் ஒரே இந்தியில், ஒரே நக்கலைத்தான் அடிக்கிறார்கள். தேசிய ஒருமைப்பாடு என்று இதைத்தான் சொல்கிறார்கள் போல.

சந்தோஷம் இல்லாமலா என்றால், இருக்கிறது. இங்கே நாலரை மணிக்கெல்லாம் வெளுத்துவிடும். அந்த நேரத்தில் சிப்பிகாட்டில், சுனாமிக்கு வந்துவிட்டு ஊர் திரும்ப மறந்துபோன உப்புத்தண்ணீர் பழைய வயல்களின் மேல் அசையாமல் கிடக்கும். செத்த தென்னைகளின் மேல் கொக்குகள். ரோடு எனக்கே எனக்கு. பின்சக்கரத்தின் கிர்ர் என்ற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கிடையாது. அந்த இருபது நிமிடத்துக்காக மீதி எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுத்துக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்கள்.

அந்தக் கிர்ர் சத்தம்தான் வினையாகப் போனது. இணையத்தில் ஒரு ஜோடிச் சக்கரத்தைப் பார்த்தேன். என் சக்கரங்களைவிட நானூறு கிராம் குறைவு. சத்தமும் உயர்தரம் என்று எழுதியிருந்தார்கள். மூன்று இரவு தூக்கம் வராமல் நான்காம் நாள் வாங்கும் பொத்தானை அழுத்தினேன். "உங்கள் பின்கோடுக்கு இந்தப் பொருளை அனுப்ப இயலாது" என்று வந்தது. எங்கள் பின்கோடுக்கு எந்தப் பொருளையும் அனுப்ப இயலாது. அதைத் தெரிந்துகொண்டேதான் ஒவ்வொரு முறையும் அழுத்துகிறோம்.

இந்த இடத்தில்தான் பார்சல் வருகிறது. தீவில் யாராவது மெயின்லேண்டுக்குக் கிளம்புகிறார்கள் என்று தெரிந்தால், அந்தச் செய்தி டிக்கெட் உறுதியாவதற்கு முன்பே தெருவில் உறுதியாகிவிடும். மூக்குக்கண்ணாடி, மிக்ஸி ஜார், பஞ்சாங்கம், பல்செட் என்று ஆளுக்கொன்று சொல்லிவிடுவார்கள். இதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கேட்கிறவர், "சின்ன பார்சல்தான், வெயிட்டே இல்ல" என்று சொல்ல வேண்டும். கேட்கப்படுகிறவர் அது பொய் என்று தெரிந்தும் சரி என்று சொல்ல வேண்டும். விமான நிலையத்தில் பெட்டி கனத்துப்போனால், தன் சாமானை எடுத்து வெளியே வைக்கலாம். அடுத்தவர் பார்சலை வைக்கக் கூடாது. நாளைக்கு நமக்கு ஒரு மருந்தோ மாத்திரையோ வர வேண்டும் என்றால் இப்படித்தான் வர வேண்டும் என்பதால், சட்டத்தை யாரும் மீறுவதில்லை.

எங்கள் மேல்வீட்டில் ஒரு பாய் இருக்கிறார். ராமநாதபுரத்துப் பக்கம். பஜாரில் பாத்திரக் கடை. அவருடைய மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடிந்து, நிச்சயத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெயின்லேண்டிலிருந்து சம்பந்தி வீட்டார் வருவதாக ஏற்பாடு. அதற்குச் சாமான் வாங்கச் சென்னை போகிறார் என்று கேள்விப்பட்ட உடனே மாடிப்படியில் மறித்தேன்.

"பாய், ஒரு சின்ன பார்சல். வெயிட்டே இல்ல."

"கொடுக்கச் சொல்லுங்க சார்," என்றார்.

என்ன பார்சல் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சக்கரம் இரண்டும் சேர்ந்து ஒன்றரைக் கிலோதான். ஆனால் நசுங்கக் கூடாதே என்று, கெட்டி அட்டைக்கு மேல் கெட்டி அட்டையாக, நடுவில் மரச்சட்டம் வைத்து நன்றாகக் கட்டச் சொல்லி, சக்கரம் விற்கும் சென்னைக் கடைக்காரருக்கு நானே போன் போட்டேன். கட்டி முடித்து அவர் அனுப்பிய படத்தில் தராசு ஆறரைக் கிலோ காட்டியது. அந்தப் படத்தை அழித்துவிட்டேன்.

வியாழக்கிழமை பாய் வந்து சேர்ந்தார். டைனிங் டேபிள் அகலத்துக்கு இருந்த அட்டைப்பெட்டியைத் தானே இறக்கி வந்து எங்கள் கதவில் சாய்த்து வைத்தார். ஒரு மூலை கூட மடங்கவில்லை. வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, கொஞ்சம் தணிந்த குரலில், "வீட்ல எல்லாரும் சுகம்தானே?" என்று கேட்டார். எல்லோரும் சுகம் என்றேன். "அல்லா லேசாக்குவான்," என்று என் தோளைத் தட்டிவிட்டுப் படியேறினார். என்ன லேசாகப் போகிறது என்று எனக்குப் புரியவில்லை. சக்கரத்தைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை புதுச் சக்கரத்தோடு சிப்பிகாட் போனேன். நானூறு கிராம் குறைந்ததில் பறந்தேன் என்று எழுதத்தான் ஆசை. வழக்கமாக எடுக்கும் நேரத்தைவிட இரண்டு நிமிடம் கூடுதலாக ஆனது. எதிர்காற்று என்று முடிவு செய்தேன். திரும்பும்போதும் எதிர்காற்று என்பது கொஞ்சம் இடித்தது. ஆனால் சத்தம்! கொக்குகள் எழுந்து பறந்தன.

மதியம் சாப்பாட்டில் ரசம் ஊற்றும்போது மனைவி சொன்னாள்.

"மேல்வீட்டு அக்கா அழுதிட்டிருக்காங்க."

"ஏன்?"

"சீரகச் சம்பா அரிசி வாங்கிட்டு வரத்தானே பாய் போனாரு. ஏர்போர்ட்ல வெயிட் கூடிப்போச்சாம். அரிசிய எடுத்து, வழியனுப்ப வந்தவர்கிட்டயே கொடுத்துட்டு வந்துட்டாராம். ஏழு கிலோ."

"அரிசியை ஏன் எடுத்தார்?"

மனைவி வராந்தாவில் சுவரோரம் சாய்ந்திருந்த சைக்கிளைப் பார்த்தாள். பிறகு என் இலையில் மறுபடி ரசத்தையே ஊற்றினாள். நான் மோர் கேட்டிருந்தேன்.

ஏழு கிலோ அரிசிக்கு அழுவார்களா என்று கேட்பவர்களுக்கு: சம்பந்தியம்மா போன முறை பெண் பார்க்க வந்தபோது, இங்கே கிடைத்த அரிசியில் செய்த பிரியாணியை ஒரு வாய் வைத்துவிட்டு, "தீவுல நல்ல அரிசிகூடக் கிடைக்காது போல. எங்க பிள்ளை இங்க வந்தா என்னத்தச் சாப்பிடுவான்?" என்று சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மாப்பிள்ளை கல்யாணத்துக்குப் பிறகு இங்கேயே வந்து பாயின் கடையைப் பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. அந்தம்மாவுக்கு அதில் அரை மனது. பாய்க்கு ஒரே மகள். இந்த முறை அந்தம்மா சொல்வதற்கு ஒன்றும் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் மனிதர் விமானம் ஏறிப் போனது. அப்படி வாங்கிய அரிசியை மெயின்லேண்டிலேயே விட்டுவிட்டு, என் சக்கரத்தை மடியில் வைக்காத குறையாகக் கொண்டு வந்து சேர்த்திருக்கிறார்.

மாடிக்குப் போனேன். பாய் பூப்போட்ட சட்டையில் உட்கார்ந்து யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார்.

"என் பார்சல விட்டுட்டு வந்திருக்கலாமே, பாய்."

"அதெப்படி சார்? நம்ம அரிசிக்காக அடுத்தவங்க சாமான விட்டுட்டு வந்தா, நாளைக்கு எவன் என்கிட்ட ஒரு பொருள் கொடுப்பான்? அதுவும் உங்க வீட்ல ஒருத்தர் நடக்க முடியாம இருக்கும்போது."

"யாரு நடக்க முடியாம?"

"பெட்டி மேல வீல்னு போட்டிருந்துச்சு. ரெண்டு வீல். யாருக்கோ வீல்சேர் போலன்னு..."

நான் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தேன்.

"அது சைக்கிளுக்கு, பாய்."

"ஓ. பழைய வீல் ஒடைஞ்சு போச்சா?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம்?"

"இது நானூறு கிராம் கம்மி."

பாய் நாற்பது வருடமாகப் பாத்திரத்தை நிறுத்து விற்பவர். என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. கணக்கு புரியாதவரைப் போலத்தான் பார்த்தார்.

"எங்க தொழில்ல வெயிட் கூடினாத்தான் சார் நல்ல சாமான்," என்றார்.

அன்று சாயங்காலம் முழுக்க பஜார், டெலானிபூர், ஜங்லிகாட் என்று ஒரு கடை பாக்கியில்லாமல் ஏறி இறங்கினேன். எல்லாக் கடைக்காரர்களும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: கப்பல் வரல. இங்கே வெங்காயம் இல்லாததற்கும், சிமெண்ட் இல்லாததற்கும், சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகாததற்கும் அதே பதில்தான். கடைசியில் அலுவலகத்துத் தோழர் ஒருவருக்குப் போன் போட்டேன். அவருடைய மைத்துனர் பக்கத்து ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டில் சமையல்காரர், திண்டுக்கல் ஆள். திண்டுக்கல்காரர் சீரகச் சம்பா இல்லாமல் ஒரு தீவில் வாழ மாட்டார் என்பது என் கணிப்பு. கணிப்பு பலித்தது. எட்டு கிலோ வைத்திருந்தார். "ஆள் அனுப்புங்க, தர்றேன்," என்றார்.

"நானே வர்றேன்," என்றேன். பாவத்தைக் கழுவக் கிடைத்த வாய்ப்பு. அதோடு ஹேவ்லாக் சாலை சமதளம். புதுச் சக்கரத்துக்கு ஒரு நல்ல சாலையைக் காட்டின மாதிரியும் இருக்கும்.

"போறது அரிசி வாங்க. சைக்கிள் எதுக்கு?" என்றாள் மனைவி.

மேலே சொன்ன கொள்கைப்படி நான் விவாதிக்கவில்லை.

சனிக்கிழமை காலை படகுத்துறையில், அதாவது எங்கள் ஜெட்டியில், கப்பலில் கயிறு பிடிக்கும் லஸ்கர் ஒருவர் என் சைக்கிளைச் சுற்றி வந்தார். "யே சாமான் ஹை யா காடி?" இது சாமானா, வண்டியா என்பது அவர் கேள்வி. வண்டி என்றால் ஒரு சீட்டு, சாமான் என்றால் இன்னொரு சீட்டு. ஒரு விரலால் தூக்கிக் காட்டினேன். அவரும் தூக்கிப் பார்த்தார். சைக்கிளின் எடையைப் பாராட்டுவார் என்று நின்றேன். "கேரியர் இல்ல, ஸ்டாண்ட் இல்ல, பெல் இல்ல. இது வண்டியே இல்ல. சாமான்," என்று இந்தியில் தீர்ப்பளித்து உள்ளே விட்டார்.

ஹேவ்லாக் ஜெட்டியிலிருந்து ரிசார்ட்டுக்கு ஐந்து கிலோமீட்டர். என் வாழ்வின் சிறந்த ஐந்து கிலோமீட்டர்களில் ஒன்று. இருபுறமும் பாக்கு, நடுவில் நான், கிர்ர். சமையல்காரர் கறிவேப்பிலை உருவிக்கொண்டே வந்து வரவேற்றார். அரிசியைத் துணிப்பையில் கட்டி வைத்திருந்தார். எனக்கு மீன் குழம்பு ஊற்றிச் சோறு போட்டார். எத்தனை சொல்லியும் காசு வாங்கவில்லை. "நிச்சயத்துக்குப் போற அரிசிண்ணே. எனக்கே இத ஒரு ஆளு பார்சலாத்தான் தூக்கிட்டு வந்தாரு," என்றார். அரிசி முதுகுப்பையில் ஏறியது. கிளம்பினேன்.

"அண்ணே, போர்ட் பிளேர்தானே போறீங்க?"

ஒரு காலைப் பெடலில் வைத்தபடியே திரும்பினேன்.

"ஒரு சின்ன பார்சல். வெயிட்டே இல்லண்ணே."

கிரைண்டரின் கல். அடிக்கல் பதித்த பாத்திரமும், இரண்டு உருளைக் கற்களும், கோணிச் சாக்கில் சுற்றியிருந்தன. அரைத்து அரைத்துக் கல் வழவழத்துவிட்டதாம். போர்ட் பிளேரில் ஒருவர் நன்றாகக் கொத்தித் தருவாராம். "இட்லிமாவு மையா அரைபட மாட்டேங்குதுண்ணே, வெளிநாட்டுக்காரனே கண்டுபிடிச்சிட்டான்." நான் சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும் தூக்க முடிந்தது.

முடியாது என்று சொல்லலாமா? எட்டு கிலோ அரிசியை முதுகில் கட்டிக்கொண்டு எந்த முகத்தோடு சொல்வது?

"ஜீப்ப வரச் சொல்லட்டுமாண்ணே? டிரைவரு தூங்குறான், எழுப்பிடலாம்."

"எதுக்கு? சைக்கிள் இருக்கே," என்றது என் வாய்.

கேரியர் இல்லாத சைக்கிளில் ஒரு கிரைண்டரை எங்கே வைப்பது என்று அப்போதுதான் இரண்டு பேரும் பார்த்தோம். சமையலறை ஆட்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லி, கடைசியில் நைலான் கயிற்றால் குறுக்குக் குழாயோடு சேர்த்துக் கட்டினார்கள். இனி யாரும் அதில் உட்கார்ந்து ஓட்ட முடியாது. நானூறு கிராம் குறைந்த சக்கரங்களின் மேல் ஏறக்குறைய பதினைந்து கிலோ கருங்கல்லை ஏற்றி, முதுகில் அரிசியோடு, ஐந்து கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு நடந்தேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. போனிலுள்ள ஆப் மூன்று முறை, "நின்றுவிட்டீர்களா?" என்று கேட்டது. ஆட்டோவில் போன ஒருவர் இந்தியில் எதையோ கத்தினார். பெட்ரோல் என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது.

ஜெட்டியில் திருவிழாக் கூட்டம். கடல் கொஞ்சம் கிளர்ந்திருந்ததால் தனியார் படகுகள் எல்லாம் ரத்து. அத்தனை பேரும் அரசுக் கப்பலுக்கு வந்து நின்றார்கள். டிக்கெட் முந்தின நாளே எடுத்திருந்ததால் வரிசையில் எனக்கு இடம் இருந்தது. சைக்கிளுக்கு இல்லை. காலையில் பார்த்த அதே லஸ்கர் கையை நீட்டித் தடுத்தார். உள்ளே நிற்கவே இடமில்லை. ஆளுக்குக் கையில் தூக்குகிற சாமான் மட்டும். அடுத்த கப்பல் மறுநாள். மறுநாள் மதியம் பிரியாணி.

இந்த இடத்தில் எனக்கு ஞானம் பிறந்தது என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். உண்மையில் எனக்குத் தோன்றியது இதுதான்: கல்லை அவிழ்த்து அந்த டீக்கடையில் போட்டுவிட்டு, சமையல்காரருக்குப் போன் போட்டு வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னால், லஸ்கரைக் கெஞ்சி சைக்கிளை எப்படியாவது ஏற்றிவிடலாம். கயிற்றை அவிழ்க்கத்தான் குனிந்தேன். அதற்குள் லஸ்கர் சாக்கைக் காட்டிக் கேட்டார்.

"யே கிஸ்கா?" இது யாருடையது?

ரிசார்ட் சமையல்காரருடையது என்றேன்.

"பார்சல் ஹை?"

ஆமாம், பார்சல்.

"தோ ஜாயேகா," என்றார். அப்படியானால் போகும். என் முதுகுப்பையைக் காட்டினார். அதுவும் ஒரு நிச்சய வீட்டுக்குப் போகிற அரிசி என்றேன். "ஜாயேகா." பிறகு சைக்கிளைக் காட்டினார். "அவுர் யே?"

"மேரா," என்றேன். என்னுடையது.

"தோ ரஹேகா." அப்படியானால் இருக்கும்.

இரண்டு நொடியில் வழக்கு முடிந்துவிட்டது. லஸ்கரே கயிற்றை அறுத்து, கல்லைத் தோளில் தூக்கிப் போய்க் கப்பலில் வைத்துவிட்டார். என்னிடம் சைக்கிள் மட்டும் மிஞ்சியது. ஜெட்டி வாசலில் டீக்கடை வைத்திருந்த பெங்காலிப் பெண்மணியிடம் ஓடினேன். யாராவது போர்ட் பிளேர் போகிறவர்களிடம் இதைக் கொடுத்தனுப்ப முடியுமா என்று மூச்சிரைக்கக் கேட்டேன். அவர் சைக்கிளை மேலும் கீழும் பார்த்துத் தயங்கினார். எனக்குத் தெரிந்த ஒரே மந்திரத்தைச் சொன்னேன்.

"சோட்டா பார்சல். வெயிட்டே நஹி."

என் போன் நம்பரை எழுதி அவர் கையில் திணித்தபோது சங்கு ஊதிவிட்டார்கள். கப்பல் நகரும்போது பார்த்தேன். வெங்காய மூட்டைக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவே சாய்ந்து நின்ற புதுச் சக்கரத்தின் மேல் யாரோ ஈரத் துண்டைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கல் கொத்துகிறவரிடம் போனது. அரிசி மாடிக்குப் போய்ச் சேர்ந்தது. பாயின் மனைவி பையை வாங்கி, ஒரு பிடி எடுத்து முகர்ந்துவிட்டு உள்ளே போனார்; உள்ளேயிருந்து மகளைக் கூப்பிடும் சத்தம் மட்டும் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை மாடியிலிருந்து வந்த மணத்துக்கு எங்கள் தெரு நாய்கள் படியில் வரிசை கட்டி நின்றன. எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். சம்பந்தியம்மா முதல் வாய் வைக்கும்போது, பாய் கையில் தண்ணீர் ஜக்கோடு அசையாமல் நின்றதைப் பார்த்தேன். அந்தம்மா மென்றார். விழுங்கினார். தட்டைப் பார்த்தார்.

"இது நம்ம ஊரு அரிசியால்ல இருக்கு?" என்றார். பிறகு தட்டை மறுபடி நீட்டினார்.

பாய் ஜக்கைக் கீழே வைத்தார். அப்புறம்தான் எல்லோரும் சாப்பிட ஆரம்பித்தோம். நாள் குறித்துவிட்டார்கள், ஹஜ் மாதம் கழித்து. நான் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். கிராம் கணக்கு பார்க்கவில்லை.

சைக்கிள் திங்கட்கிழமை வரவில்லை. துக்க வீட்டு முகத்தோடு இருந்த என்னிடம் அன்று முழுக்க அலுவலகத்தில் யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு போன் வந்தது, ஜெட்டிக்கு வரச் சொல்லி. ஹேவ்லாக்கிலிருந்து வாரம் ஒரு முறை வாழைத்தார் கொண்டு வந்து இங்கே சந்தையில் போடுகிற ஒரு தமிழ்ப் பெண்மணி. டீக்கடைக்காரர் இவர் தலையில்தான் கட்டியிருக்கிறார். என் வயதுதான் இருக்கும். கூட்டத்தில் முதலில் வாழைத்தார்கள் இறங்கின. பிறகு ஒரு தோளில் என் சைக்கிளோடு அந்த அம்மா இறங்கினார். சக்கரத்தைச் சுற்றிக் கோணிச் சாக்கும் வாழைச் சருகும் கட்டி, ஒரு கீறல் இல்லாமல் கொண்டு வந்திருந்தார். வழியில் அவருடைய இரண்டு தார் நசுங்கிப்போயிருந்தது. அதைக் கப்பலிலேயே எல்லோருக்கும் பிய்த்துக் கொடுத்துவிட்டதாகப் பக்கத்தில் நின்றவர் சொன்னார்.

நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது இதுதான்: "அவ்வளவு வெயிட் இருந்திருக்காதேம்மா. எட்டுக் கிலோ தொள்ளாயிரத்து இருபதுதான்."

அவர் முந்தானையால் தோளைத் துடைத்துக்கொண்டு, சைக்கிளை ஒரு முறை பார்த்தார்.

"அப்டித்தான் சார் டீக்கடைக்காரியும் சொன்னா, வெயிட்டே இல்லன்னு. இதுக்கு என் வாழத்தாரே தேவல. தூக்கிட்டு வந்தா திங்கவாவது ஆவும்."